வானவில் கொடி, இளஞ்சிவப்பு முக்கோணம், லாம்ப்டா: எது எப்போது, ஏன் மாறியது? (மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கொடிக்கம்பம்

தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரின் பெருமித மாதமான ஜூன் பிறந்தால் போதும், அவர்களுடைய வானவில் கொடிக்கு "ஆறு நிறம், ஆறு பொருள்" என்று ஒரு படம் வாட்ஸப்பில் கிளம்பிவிடும். யாரோ உட்கார்ந்து ஆறு கொள்கைகளை யோசித்து ஆளுக்கொரு நிறம் ஒதுக்கிய மாதிரி இருக்கும். நடந்தது வேறு.

1978 ஜூன் 25, சான் பிரான்சிஸ்கோ, ஐக்கிய நாடுகள் சதுக்கம். அன்று ஏற்றிய கொடியில் எட்டுப் பட்டை. மேலிருந்து கீழாக, அடர் இளஞ்சிவப்பு உடலின்பத்துக்கு, சிவப்பு உயிருக்கு, ஆரஞ்சு நலம்பெறுதலுக்கு, மஞ்சள் வெயிலுக்கு, பச்சை இயற்கைக்கு, நீலப்பச்சை கலைக்கு, கருநீலம் அமைதிக்கு, ஊதா ஆன்மாவுக்கு. யோசனை கில்பர்ட் பேக்கருடையது. கான்சாஸில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். தன்பாலீர்ப்பாளர் சமூகத்துக்கென்று ஒரு சின்னம் வேண்டும் என்று அவரை நச்சரித்தவர்களில் ஒருவர் திரைப்பட இயக்குநர் ஆர்தர் பிரெசன்.

அதே ஆண்டு நவம்பர் 27 அன்று, தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்ற நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு கொடி கேட்டு வந்த கூட்டத்துக்குக் கையால் சாயம் தோய்த்துக் கொடுத்து மாளாது. பாரமவுண்ட் ஃப்ளாக் கம்பெனி, கையிருப்பில் இருந்த ஆலைத் துணியில் தைத்து விற்க ஆரம்பித்தது. அடர் இளஞ்சிவப்பு ஆலைத் துணியில் கிடைக்கவில்லை. எட்டு ஏழானது.

1979 ஊர்வலத்துக்கு மார்க்கெட் தெருவின் விளக்குக் கம்பங்களில் கொடி கட்ட ஏற்பாடு. ஏழு ஒற்றைப்படை, இரண்டாகப் பிரியாது. நீலப்பச்சையை எடுத்தார்கள், கருநீலத்தின் இடத்தில் ராயல் ப்ளூ வந்தது. ஆறு.

ஆக ஒரு பட்டை துணிக்கடையால் போனது, இன்னொன்று விளக்குக் கம்பத்தால் போனது. கொள்கை மாறி எடுக்கப்பட்ட நிறம் ஒன்றுகூட இல்லை. மற்ற சின்னங்களிலும் இப்படித்தானா, விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழையபேப்பர்

விளக்குக் கம்பக் கதைக்கு இரண்டு வடிவம் உலவுகிறது. ஒன்று, தெருவின் ஒரு ஓரம் மூன்று நிறம், எதிர் ஓரம் மூன்று நிறம் என்று பிரித்துக் கட்ட இரட்டைப்படை தேவைப்பட்டது. இன்னொன்று, கொடியை நெட்டாகத் தொங்கவிட்டால் ஏழில் நடுப்பட்டை கம்பத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். எதை எடுத்தாலும் குற்றவாளி கம்பம்தான்.

பேக்கர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியில்லை. சாயத்துக்குப் பொறுப்பாக நின்றவர் லின் செகர்ப்ளோம். அப்போது ஃபேரி ஆர்கைல் ரெயின்போ என்ற பெயரில் இருந்தார், கட்டுச்சாயத்தில் கை தேர்ந்தவர். தையலில் ஜேம்ஸ் மக்நமாரா. கூட ஏறக்குறைய 30 தன்னார்வலர்கள். இடம் க்ரோவ் தெரு 330இல் இருந்த சமூக மையம்.

அன்று ஏறியது ஒன்றல்ல, இரண்டு கொடிகள். ஒன்று வெறும் எட்டுப் பட்டை. மற்றதில் அமெரிக்கக் கொடி மாதிரி மேல் மூலையில் நீலக் கட்டம், அதற்குள் கட்டுச்சாயத்தில் எடுத்த வெள்ளை நட்சத்திரங்கள். பட்டைக் கொடி மட்டும் ஊர் உலகம் முழுக்கப் பரவியது. நட்சத்திரக் கொடி பழைய புகைப்படங்களோடு நின்றுவிட்டது, அதோடு செகர்ப்ளோமின் பெயரும் மங்கிவிட்டது. மக்நமாரா 1999இல் இறந்தார், பேக்கர் 2017 மார்ச் 31 அன்று. மூலக் கொடியின் ஒரு துண்டு, சுமார் 28 அடிக்கு 10 அடி, 2021 முதல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சமூகத்தின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நூல்கண்டு

சாயம் தோய்த்த விதம் முக்கியம், ஏன்னா இன்னைக்குக் கொடி தைக்கிறவங்க செய்ற தப்பு எல்லாம் அதுலயே தெரியும்.

ஒரு கொடி சுமார் 60 அடிக்கு 30 அடி. துணி பருத்தி மஸ்லின். பெரிய குப்பைத்தொட்டிகள்ல தண்ணியும் சாயமும் உப்பும் கலந்து துணியை முக்கி எடுத்தாங்க. உப்பு எதுக்குன்னா, தண்ணியில ஊறின பருத்தி இழைக்கு லேசா எதிர்மின்னேற்றம் வரும். சாயத்துக்கும் அதே ஏற்றம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளும். உப்பு அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தி சாயத்தை இழைக்குள்ள இறங்க விடும். அவ்வளவுதான் உப்போட வேலை. சாயத்தை இழையோட பிணைக்கிறது உப்பு இல்லை. ரியாக்டிவ் சாயமா இருந்தா அந்த வேலையைச் செய்யறது சலவை சோடா மாதிரி காரம்.

நம்ம வீடுகள்ல புதுத் துணியைக் கல்லுப்புத் தண்ணியில ஊறப்போட்டா சாயம் நிக்கும்னு சொல்வாங்க. உப்புத் தண்ணியில இருக்கிற வரைக்கும் சாயம் வெளிய வராது, சரி. அடுத்த தடவை வெறும் தண்ணியில போட்டதும் மறுபடி கிளம்பும். வினிகரும் பருத்திக்கு ஒண்ணும் பண்ணாது. திருநர் கொடியில வெள்ளைப் பட்டை ரெண்டு இளஞ்சிவப்புப் பட்டைக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது, அங்கதான் வினையே.

சோதனை சுலபம். வெள்ளை பனியன் துணியை நனைச்சு, கொடித்துணி மேல போட்டு, நல்ல சூட்டுல இஸ்திரிப் பெட்டியை அரை நிமிஷம் அழுத்துங்க. கறை ஏறுனா அந்தத் துணியைத் தண்ணி தெளியற வரைக்கும் தனியா அலசிட்டுத்தான் தைக்கணும். தைச்சு முடிச்சு அலசினா வெள்ளை காலி.

சான் பிரான்சிஸ்கோ கும்பலும் அலசப் பொது சலவைக்கூடத்துக்குத்தான் போனாங்க. ராத்திரி நேரம் பார்த்துப் போய், முடிச்சதும் இயந்திரத்துக்குள்ள ப்ளீச் ஊத்தி ஓட்டினாங்களாம், அடுத்து வர்றவர் சட்டை ரோஸ் கலர் ஆகிடக்கூடாதுன்னு.

மாடத்தி

ஏழு நிறத்தில் பறக்கும் கொடிகளைப் பார்த்துவிட்டு "இது அந்தக் கொடிதானே" என்று பலர் கேட்கிறார்கள். எப்படிப் பிரித்துச் சொல்வது?

கொடிக்கம்பம்

எண்ணிப் பாருங்கள். ஆறு பட்டை, சிவப்பு மேலே, வெளிர்நீலம் கிடையாது என்றால் இந்தக் கொடி.

இத்தாலியின் சமாதானக் கொடி 1961இலிருந்து இருக்கிறது. ஏழு பட்டை, பெரும்பாலும் ஊதா மேலே, குறுக்கே வெள்ளையில் "பாச்சே" என்று எழுதியிருக்கும். பெரு நாட்டின் குஸ்கோ நகரக் கொடியும் ஏழு பட்டைதான், சிவப்பு மேலே, நடுவில் வெளிர்நீலம் கூடுதல். குழப்பம் தீரவில்லை என்று 2021இல் அதன்மேல் பொன்னிறச் சூரியனைச் சேர்த்தார்கள். கூட்டுறவு இயக்கத்தின் சர்வதேச அமைப்பு 1925 முதல் ஏழு நிறக் கொடி வைத்திருந்தது, 2001இல் மாற்றிக்கொண்டது. ரஷ்யாவின் யூதத் தன்னாட்சி வட்டாரத்துக்கு வெள்ளைத் துணியின் நடுவே ஏழு மெல்லிய கோடுகள், 1996இலிருந்து. 2013இல் ரஷ்யாவில் தன்பாலீர்ப்புப் "பிரச்சாரத் தடை"ச் சட்டம் வந்ததும் அந்தக் கொடியையே சோதித்தார்கள். ஆறல்ல, ஏழு என்பதால் தப்பியது! ஒரு பட்டையின் விலை என்ன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நெட்டாகத் தொங்கவிட்டால் பார்ப்பவரின் இடது பக்கம் சிவப்பு வர வேண்டும். நிகழ்ச்சி மேடைகளில் அதிகம் தப்பாகிற இடம் இது.

அச்சுமை

வானவில் கொடிக்கு மகிழ்ச்சியான பிறப்பு. முக்கோணத்துக்கு அப்படியில்லை, அதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் பிரிவு 175, 1871 முதல் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக வைத்திருந்தது. நாஜிகள் 1935இல் அதை இன்னும் இறுக்கினார்கள். சுமார் 1,00,000 ஆண்கள் கைதானார்கள், அவர்களில் பாதிப் பேருக்குத் தண்டனை. வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 5,000 முதல் 15,000 வரை என்பது வரலாற்றாளர் கணக்கு.

முகாமில் சீருடையின் இடது மார்பிலும் காற்சட்டையிலும் துணி முக்கோணம் தைக்கப்படும், முனை கீழ்நோக்கி. நிறம்தான் கைதியின் "வகை". அரசியல் கைதிக்குச் சிவப்பு, குற்றவாளிக்குப் பச்சை, யெகோவாவின் சாட்சிகளுக்கு ஊதா, "சமூகத்துக்கு ஒவ்வாதவர்" என்று முத்திரை குத்தியவர்களுக்குக் கறுப்பு, தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு இளஞ்சிவப்பு. யூதராகவும் இருந்தால் மஞ்சள் முக்கோணம் ஒன்றை எதிர்த்திசையில் அடியில் வைத்து ஆறுமுனை நட்சத்திரமாக்குவார்கள். இரண்டாம் முறை பிடிபட்டவருக்கு முக்கோணத்தின்மேல் அதே நிறத்தில் ஒரு பட்டை.

போர் முடிந்தது, முகாம்கள் திறந்தன, சட்டம் திறக்கவில்லை. மேற்கு ஜெர்மனியில் 1935ஆம் ஆண்டு வாசகமே 1969 வரை அப்படியே இருந்தது, அந்தக் காலத்திலும் சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். பிரிவு முழுதாக நீங்கியது 1994இல். நாஜிக் காலத் தீர்ப்புகளை 2002இலும், போருக்குப் பிந்தைய தீர்ப்புகளை 2017இலும் ரத்து செய்தார்கள். 1973 வாக்கில் மேற்கு பெர்லின் இளைஞர்கள் இளஞ்சிவப்பு முக்கோணத்தை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டபோது அது பழங்கதை ஆகியிருக்கவில்லை. அந்தப் பிரிவு அப்போதும் அமலில் இருந்தது.

1987இல் நியூயார்க்கில் ஆறு பேர் சேர்ந்து ஒரு சுவரொட்டி போட்டார்கள். அவ்ரம் ஃபிங்கல்ஸ்டைன் அவர்களில் ஒருவர். கறுப்புப் பின்னணி, நடுவில் பளீரென்ற இளஞ்சிவப்பு முக்கோணம், கீழே வெள்ளை எழுத்தில் "மௌனம் = மரணம்". எய்ட்ஸ் பற்றி அரசு வாய் திறக்காத காலம். அதே ஆண்டு மார்ச்சில் தோன்றிய ஆக்ட் அப் இயக்கம் சுவரொட்டியைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. இதில் முனை மேல்நோக்கி.

ஆகவே வரையும்போது, நாஜிக் கொடுமைக்குப் பலியானவர்களின் நினைவு என்றால் முனை கீழே. எய்ட்ஸ் போராட்டம் என்றால் முனை மேலே, கறுப்புப் பின்னணி. இரண்டையும் கலந்து, மேல்நோக்கிய முக்கோணத்துக்கு அடியில் "வதைமுகாம் சின்னம்" என்று எழுதிய பதாகைகள் நிறைய.

வெள்ளாவி

கொலைகாரர்கள் தைத்த சின்னத்தை எதற்கு நாம் கொண்டாட்டத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும்? கொடி இருக்கிறதே.

அச்சுமை

கொண்டாட்டத்துக்கு வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். சுவரொட்டி போட்ட ஆறு பேருக்கே தொடக்கத்தில் அந்தத் தயக்கம் இருந்தது, பலியானவர்களின் அடையாளமாயிற்றே என்று. டி-ஷர்ட் அலங்காரமாக அதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது. ஆனால் நினைவிடங்களில் அதற்கு மாற்று இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ஹோமோமானுமென்ட் 1987 செப்டம்பரில் திறந்தது, கரின் டான் வடிவமைத்தது. இளஞ்சிவப்புக் கிரானைட்டில் மூன்று முக்கோணங்கள், ஒவ்வொன்றின் பக்கமும் 10 மீட்டர். மூன்றும் சேர்ந்து 36 மீட்டர் பக்கமுள்ள ஒரு பெரிய முக்கோணம். ஒன்று கால்வாய்க்குள் படியாக இறங்குகிறது, ஒன்று தரைமட்டம், ஒன்று உட்காரும் உயரம். ஒரு முனை டாம் சதுக்கத்துப் போர் நினைவுச் சின்னத்தையும், ஒன்று ஆன் ஃபிராங்க் வீட்டையும், ஒன்று நெதர்லாந்தின் பழைய உரிமை அமைப்பான சிஓசி அப்போது இருந்த அலுவலகத்தையும் நோக்கும். இங்கே கொடி வைத்தால் எதுவும் சொல்லாது.

பழையபேப்பர்

நங்கைகளுக்கு, அதாவது தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்கு, முகாமில் தனி நிறம் இல்லை, பிரிவு 175 ஆண்களுக்கு மட்டும். சில பெண்கள் கறுப்பு முக்கோணத்தின் கீழ் அடைக்கப்பட்டார்கள். அதனால்தான் 1999இல் ஷான் கேம்பெல் வரைந்த கொடியில் ஊதாப் பின்னணியில் தலைகீழ்க் கறுப்பு முக்கோணமும், அதன்மேல் வெள்ளை இரட்டை முனைக் கோடரியும். கோடரியின் பெயர் லாப்ரிஸ், கிரீட் தீவின் மினோவன் நாகரிகத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. 1970களில் பெண்ணிய நங்கைகள் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டார்கள். 1930களில் கிரேக்க சர்வாதிகாரி மெடாக்சாஸின் ஆட்சியும் அதே கோடரியைச் சின்னமாக வைத்திருந்தது, அதைத் தெரிந்தே பயன்படுத்துங்கள்.

இப்போது அதிகம் பார்ப்பது ஆரஞ்சிலிருந்து வெள்ளை வழியாக இளஞ்சிவப்புக்குப் போகும் கொடி, 2018இல் எமிலி க்வென் வடிவமைத்தது. ஏழு பட்டை, ஐந்து பட்டை இரண்டும் சரி. அடர் ஆரஞ்சு மேலே.

மாடத்தி

லாம்ப்டா?

பழையபேப்பர்

1970, நியூயார்க், கே ஆக்டிவிஸ்ட்ஸ் அலையன்ஸ். டாம் டோர் தேர்ந்தெடுத்த கிரேக்கச் சிற்றெழுத்து. இயற்பியலில் ஆற்றல் பரிமாற்றத்தைக் குறிப்பது என்று அந்த அமைப்பு விளக்கம் கொடுத்தது. ஸ்பார்ட்டா வீரர்களின் கேடயத்தில் இருந்ததாம் என்ற விளக்கம் பிறகு ஒட்டிக்கொண்டது. 1974இல் எடின்பரோவில் நடந்த சர்வதேச மாநாடு பொதுச் சின்னமாக ஏற்றது. தெரியாதவர் கண்ணுக்கு வெறும் எழுத்து, தெரிந்தவருக்கு அறிமுகம். அதுதான் அதன் பலம், பொது இடத்தில் அதுவே பலவீனமும்கூட. வானவில் வந்ததும் பின்னால் போய்விட்டது, 1973இல் தொடங்கிய லாம்ப்டா லீகல் மாதிரி சட்ட அமைப்புகளின் பெயரில் மட்டும் நிற்கிறது.

ஊதாக் கையும் உண்டு. 1969 அக்டோபர் 31, சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸாமினர் நாளிதழ் அலுவலகத்தின் முன் மறியல். மேலிருந்து அச்சு மையைக் கூட்டத்தின்மேல் கொட்டினார்கள். நனைந்தவர்கள் அதே மையில் கையைத் தோய்த்து அந்தச் சுவரிலேயே பதித்தார்கள். எதிராளியே பொருளை எடுத்துக் கொடுத்த சின்னம்!

வெள்ளாவி

ஆஸ்கர் வைல்டின் பச்சை கார்னேஷனை விட்டுவிட்டீர்களே.

பழையபேப்பர்

1892 பிப்ரவரி 20, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டர். அவருடைய நாடகத்தின் முதல் நாள், நண்பர்களும் ஒரு நடிகரும் கோட்டில் குத்தி வந்தார்கள். அந்தப் பச்சை கார்னேஷன் செடியில் பூத்ததல்ல. வெள்ளைப் பூவின் தண்டைச் சாய்வாக வெட்டி, சாயத் தண்ணீரில் இரவு முழுக்க நிறுத்தினால் இதழின் நரம்பு வழியே நிறம் ஏறும்.

ஊதாக்கதிர்

இருபாலீர்ப்பு, திருநர் கொடிகளைப் பற்றி யாரும் தொடவில்லை. அச்சுக்குக் கொடுக்கும்போது அதிகம் கெட்டுப்போவது இவை இரண்டும்தான்.

இருபாலீர்ப்புக் கொடி, மைக்கேல் பேஜ், 1998 டிசம்பர் 5. மேலே மெஜந்தா, நடுவில் லாவெண்டர், கீழே ராயல் ப்ளூ. பட்டைகள் சமம் இல்லை, 2:1:2. நடுப்பட்டை குறுகலாக இருப்பது தற்செயல் அல்ல. ஊதா இரண்டு பக்கமும் கவனிக்கப்படாமல் கரைந்துபோவதைத்தான் பேஜ் சொல்ல நினைத்தார். சமமாக மூன்று பட்டை போட்டு விற்கிறார்கள், அது தவறு. படிப்படியாகக் கலக்கும் சாயலும் தவறு, கோடு சுத்தமாக வெட்ட வேண்டும். அச்சுக்கான பேண்டோன் நிற எண்கள் 226, 258, 286. திரைக்கு சிவப்பு-பச்சை-நீல மதிப்பில் 214-2-112, 155-79-150, 0-56-168.

திருநர் கொடி, மோனிகா ஹெல்ம்ஸ், 1999. அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். 2000இல் ஃபீனிக்ஸ் ஊர்வலத்தில் முதலில் பறந்தது, மூலக் கொடி 2014 முதல் ஸ்மித்சோனியனில். வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம். தலைகீழாகப் பிடித்தாலும் சரியாகவே இருக்கும்படி யோசித்தது. கொடி ஏற்றுபவர் தப்பு செய்ய வழியே இல்லாத வடிவமைப்பு என்று எனக்கு இதன்மேல் தனி மரியாதை. மதிப்புகள் 91-206-250, 245-169-184, பிறகு வெள்ளை.

ஃப்ளெக்ஸில் அடித்தால் இளஞ்சிவப்பு ஏமாற்றும். அது மெஜந்தா மையின் மெல்லிய புள்ளிகள்தான், கூடவே கொஞ்சம் மஞ்சள் ஏறினால் தோல் நிறத்துக்குப் போய்விடும். மஞ்சளைக் குறைத்து ஒரு சாண் துண்டில் மாதிரி அடித்துப் பார்த்த பிறகு முழு அளவுக்கு விடுங்கள். வெயிலில் முதலில் வெளுப்பதும் மெஜந்தாவும் மஞ்சளும்தான். சில மாதம் மாடியில் கட்டிய திருநர் கொடி நீலம்-வெள்ளை-நீலமாக மாறி வேறு ஏதோ நாட்டுக் கொடி மாதிரி நிற்கும். நிரந்தரமாக வெளியில் வைப்பதாக இருந்தால் நிறத்துணியில் தைப்பதே மேல்.

மாடத்தி

தைப்பது என்றால் அளவு?

நூல்கண்டு

3 அடிக்கு 5 அடி, அதாவது 90க்கு 150 சென்டி, ஆறு பட்டைக் கொடி. முடிஞ்ச பட்டை 15 சென்டி. மேலும் கீழும் தையலுக்கு ஒன்றரை ஒன்றரை விட்டா வெட்டுற அகலம் 18. ஓர மடிப்புக்கும் அதே ஒன்றரை போதும், ஆக ஆறும் ஒரே அளவு.

நீளம் 155. பறக்கிற ஓரத்துல ரெண்டு ரெண்டு சென்டியா ரெண்டு மடிப்புக்கு 4, கம்பப் பக்கம் தையலுக்கு 1. கம்பம் நுழையற உறையைத் தனியா வெள்ளை கேன்வாஸ்ல போடுங்க. 14 சென்டி அகலத் துண்டை மடிச்சு ஓரத்தை உள்ள விட்டா 6 சென்டி உறை, ஒரு இஞ்ச் குழாய் தாராளமா நுழையும்.

44 இஞ்ச் பாப்ளின்ல கரையை வெட்டிட்டா ஏறக்குறைய 108 சென்டி. 18 வீதம் சரியா ஆறு துண்டு. அதாவது ஒவ்வொரு நிறத்துலயும் ஒரே நீளம் வாங்கினா ஆறு கொடிக்கு ஆகும், ஒரு கொடிக்கு மட்டும்னா மிச்சம் வீண். சுருங்கறதுக்கும் சேர்த்து நிறத்துக்கு 1.75 மீட்டர் வாங்கி, முதல்ல எல்லாத்தையும் நனைச்சு உலர்த்துங்க. ஒரு நிறம் ஒரு ஆலை, இன்னொண்ணு வேற ஆலைன்னா சுருக்கம் ஒண்ணு போல இருக்காது. நனைக்காம தைச்சா முதல் மழையிலயே கொடி அப்பளம் மாதிரி நெளியும்.

எல்லாத் துண்டையும் பாவு வாக்குல, அதாவது துணியோட நீள வாக்குல வெட்டணும். துணி மிச்சம் பிடிக்க ஒரே ஒரு பட்டையை ஊடை வாக்குல வெட்டி ஒட்டுப் போட்டா அது மட்டும் இழுபடும், பக்கத்துப் பட்டை சுருங்கி நிக்கும்.

தையல் ரெண்டு பக்கமும் பிசிறு தெரியாம இருக்கணும். பிசிறு ரெண்டுல ஒண்ணை அரை சென்டியா வெட்டிட்டு, மத்ததை அது மேல மடிச்சு மேல்தையல் போடுங்க. மடிப்பு எல்லாம் கீழ்ப்பார்த்து இருக்கட்டும், மேல்பார்த்தா மழைத்தண்ணி தேங்கும். பறக்கிற ஓரத்துல மட்டும் நாலு வரிசை. கிழியறது எப்பவும் அங்கதான்.

திருநர் கொடிக்கு முடிஞ்ச பட்டை 18, வெட்டு 21. இருபாலீர்ப்புக் கொடிக்கு 36, 18, 36. வெட்டு 39, 21, 39.

வெள்ளாவி

இப்போது எங்கும் அம்புக்குறி வைத்த கொடிதான். அதற்கும் ஏதாவது கம்பக் கதை உண்டா?

கொடிக்கம்பம்

இல்லை, இது நேர்மாறு. தெரிந்தே செய்த மாற்றம். 2017இல் பிலடெல்பியா நகர நிர்வாகம் ஆறு பட்டைக்கு மேல் கறுப்பையும் பழுப்பையும் சேர்த்து எட்டாக்கியது. இன ஒதுக்கல் சமூகத்துக்குள்ளும் இருக்கிறது என்பதை முகத்துக்கு நேரே சொல்ல. பெரிய சண்டை நடந்தது. 2018இல் டேனியல் குவேசர் அந்த இரண்டு நிறத்தோடு திருநர் கொடியின் மூன்றையும் எடுத்து, பட்டையாக அடுக்காமல் கம்பப் பக்கத்தில் அம்பாக வைத்தார். அம்பு வலப்பக்கம் பார்ப்பது முன்னேற்றம், இடது ஓரத்தில் நிற்பது போக வேண்டிய தூரம் மிச்சம் என்பதற்கு. கறுப்புக்கு எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவும் சேர்ந்தது. அந்தக் கறுப்பு 1980களிலேயே ஒருமுறை வந்ததுதான். வானவில்லுக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை வைத்து, மருந்து கண்டுபிடித்த நாளில் அதைப் பிரித்து வாஷிங்டனில் எரிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப்படையில் இருந்த உரிமைப் போராளி லியோனார்ட் மட்லோவிச் சொல்லியிருந்தார்.

2021இல் வாலென்டினோ வெக்கியெட்டி அம்புக்குள் மஞ்சள் முக்கோணமும் ஊதா வட்டமும் சேர்த்தார். அது ஊடுபால் (பிறப்பிலேயே ஆண், பெண் என்ற வகைக்குள் அடங்காத உடலமைப்பு கொண்டவர்கள்) கொடியிலிருந்து வந்தது.

கண்ணுக்கு இது நெரிசலாக இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தூரத்தில் கட்டினால் கொடிக்கான முதல் இலக்கணமே அடிபடுகிறது, என்ன நிறம் என்று தெரியாது. ஆனால் யார் விடுபட்டார்கள் என்று சொல்வதற்காகவே வந்த கொடியைப் பார்த்து "எளிமையாக இல்லை" என்பது அரைக் குறைதான்.

ஊதாக்கதிர்

ஊடுபால் கொடி 2013 ஜூலை, ஆஸ்திரேலியாவின் மார்கன் கார்பென்டர். மஞ்சள் பரப்பில் ஊதா வளையம். இளஞ்சிவப்பையும் நீலத்தையும் வேண்டுமென்றே தவிர்த்தார். உடையாத, அலங்காரமில்லாத வட்டம் என்பது முழுமைக்கும், உடல்மீது தன் உரிமைக்கும். ஆகவே வட்டத்துக்குள் பூவோ எழுத்தோ போடுவது சின்னத்தையே அடிக்கிற வேலை. மதிப்புகள் 255-216-0, 121-2-170.

தமிழ்நாட்டில் இது வெறும் கொடி விஷயமில்லை. 2019 ஏப்ரலில் அருண்குமார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஊடுபால் குழந்தைகளுக்கு அவசியமற்ற பால்மாற்ற அறுவை செய்யக்கூடாது என்றது. அதே ஆண்டு அரசாணையும் வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டும் விலக்கு.

மாடத்தி

எமோஜியில் வானவில் கொடி சிலருக்கு வெள்ளைக் கொடியும் பக்கத்தில் தனி வானவில்லுமாகத் தெரிகிறதே?

ஊதாக்கதிர்

அதற்கென்று தனிக் குறியீட்டெண் இல்லை. வெள்ளைக் கொடி, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், வானவில் மூன்றும் சேர்ந்தால்தான் கொடி. 2016இல் வந்தது. திருநர் கொடி 2020இல், வெள்ளைக் கொடியும் திருநர் குறியும் இணைப்பானும். பழைய கைபேசிக்கு இந்தச் சேர்க்கை தெரியாததால் பிரித்துக் காட்டும். ஆனால் நம் தமிழ்த் தளங்களில் இன்னொரு காரணமும் உண்டு. ஒருங்குறித் தமிழைச் சுத்தப்படுத்தும் நிரல்கள் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களை மொத்தமாகத் துடைத்துவிடும். கொடியின் நடுவில் இருந்த இணைப்பானும் அதோடு போய்விடும். அந்த எழுத்தைத் தமிழ் எழுத்துகளுக்கு நடுவில் வரும்போது மட்டும் நீக்கும்படி விதியை மாற்றினால் சரியாகும்.

வெள்ளாவி

அம்புக் கொடியைத் தைக்க முடியுமா, அச்சுதான் வழியா? நெட்டாகத் தொங்கவிட்டால் அம்பு எங்கே பார்க்கும்?

நூல்கண்டு

தைக்கலாம். அம்பைப் பட்டை பட்டையா வெட்டி ஓரத்தோட ஓரம் ஒட்ட வேண்டாம். சாய்வு வெட்டுல பருத்தி ரப்பர் மாதிரி இழுபடும், முனை கோணிக்கும். ஆறு பட்டையை முதல்ல முழுசா தைச்சு முடிங்க. அப்புறம் கறுப்பை முழு முக்கோணமா வெட்டி மேல வைச்சு ஓரம் முழுக்க நெருக்கமா ஜிக்ஜாக். அதுக்கு மேல பழுப்பு, வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, கடைசியா வெள்ளை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் வெட்டுறதுக்கு முன்னாடியே அடியில அதே நிறத்துல மெல்லிய ஒட்டு கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டிட்டா இழுபடாது.

இப்படி அஞ்சு அடுக்கு சேர்ந்தா கம்பப் பக்கம் பலகை மாதிரி விறைக்கும், காத்துல கொடி திரும்பாது. ஒவ்வொரு அடுக்கைத் தைச்சதும் கொடியைத் திருப்பி, அடியில மறைஞ்ச துணியைத் தையல்ல இருந்து 1 சென்டி விட்டு வெட்டி எடுங்க. கூர் கத்தரி, மெதுவா. மேல் துணியில ஒரு வெட்டு விழுந்தா ஒட்டுப் போட வழியில்லை. பின்பக்கமும் அம்பு அதே நிறத்துல தெரியும், இது ஒருபக்க அச்சுல வராது.

நெட்டா தொங்கவிட்டா கம்பப் பக்கம் மேல, அம்பு கீழ்ப்பார்த்து. சிவப்பு இடது பக்கம் வரணும்னா கொடியோட பின்பக்கம் பார்க்கிறவர் பக்கமா இருக்கணும். தைச்ச கொடியில பிரச்சினை இல்லை, திருப்பிப் போட்டா முடிஞ்சது. ஒருபக்க அச்சுன்னா திருப்ப முடியாது. அதுக்கு அச்சுக்குக் கொடுக்கும்போதே நெட்டுக்குத் தனிக் கோப்பு கேளுங்க, படத்தைச் சும்மா சுத்திவிட்டது இல்லை, கண்ணாடி பிம்பமா புரட்டிட்டு அப்புறம் சுத்தினது.